பாஸ்வேர்டு தெரியும், ஃபைல் திறக்கவில்லை: கைவிடப்பட்ட சாஃப்ட்வேரின் பூட்டிய ஃபைலை மீட்க முழு வழிகாட்டி

கோத்தகிரி, குன்னூர் பக்கம் தேயிலைக் கொழுந்து வாங்கும் ஃபேக்டரிகள் பலவற்றில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எந்த விவசாயி எத்தனை கிலோ போட்டார், ஈரத்துக்கு எவ்வளவு கழித்தோம், முன்பணம் எவ்வளவு கொடுத்தோம் என்ற கணக்கெல்லாம் அதில்தான். யாரோ ஒரு டெவலப்பர் எழுதிக் கொடுத்த சாஃப்ட்வேர். அவர் தொழிலை விட்டுப் போய் வெகுகாலம் ஆகியிருக்கும். ஒரு நாள் மதர்போர்டு போய்விடும். பென் டிரைவில் பேக்கப் ஃபைல் பத்திரமாக இருக்கும், கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பாஸ்வேர்டும் இருக்கும். ஃபைலைத் திறக்கும் ப்ரோக்ராம் மட்டும் இருக்காது.

"பாஸ்வேர்டுதான் இருக்கே தம்பி, அப்புறம் என்ன கஷ்டம்?" என்று கணக்குப்பிள்ளை கேட்பார். நியாயமான கேள்வி. கோத்தகிரியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் எனக்கு அடிக்கடி வரும் கேள்வியும் அதுதான். பதிலை முழுதாக இங்கே எழுதுகிறேன். ஃபேக்டரிக் கணக்குக்கு மட்டுமில்லை, ஊட்டியில் ஒரு கிளினிக்கின் பேஷன்ட் பதிவுக்கும், கொடைக்கானலில் ஒரு காட்டேஜின் பழைய புக்கிங் ஃபைலுக்கும் இதே வழிதான்.

பாஸ்வேர்டு வேறு, சாவி வேறு

முதலில் மனதில் பதிய வேண்டியது இது: ஃபைலைப் பூட்டியது நீங்கள் அடித்த பாஸ்வேர்டு அல்ல, அதிலிருந்து சாஃப்ட்வேர் தயாரித்த ஒரு சாவி. இன்று அதிகம் பயன்படும் ஏஇஎஸ் என்ற என்கிரிப்ஷன் பூட்டுக்குச் சாவி சரியாக 16, 24 அல்லது 32 பைட் நீளம் இருக்க வேண்டும். நாம் வைக்கும் பாஸ்வேர்டு எட்டு எழுத்தாகவும் இருக்கும், இருபது எழுத்தாகவும் இருக்கும். அதனால் சாஃப்ட்வேர் பாஸ்வேர்டோடு சால்ட் எனப்படும் சில தற்செயல் பைட்களைச் சேர்த்து, ஹாஷ் என்னும் கணக்கில் ஆயிரக்கணக்கான முறை சுழற்றி, தேவையான நீளத்துக்கு ஒரு சாவியை எடுக்கிறது. பிறகு அந்தச் சாவியை எந்தப் பூட்டில், எந்த முறையில், எந்தத் தொடக்க மதிப்போடு போடுவது என்பதையும் அதுவே முடிவு செய்கிறது. இவை எல்லாவற்றையும் சேர்த்துச் செய்முறை என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் இருப்பது பாஸ்வேர்டு, இல்லாதது செய்முறை. பாஸ்வேர்டை ஊகித்து உடைக்கும் வேலை இதில் கிடையாது. செய்முறையைக் கண்டுபிடிப்பது மட்டுமே வேலை.

அது முடிகிற வேலைதான். பூட்டின் அமைப்பு எதிரிக்கே தெரிந்தாலும் சாவி மட்டும் ரகசியமாக இருந்தால் போதும் என்று ரகசியக் குறியீட்டு அறிஞர் கெர்க்ஹாஃப்ஸ் 1883-லேயே எழுதிவிட்டார். ஏஇஎஸ் அந்த வழியில் வந்தது. டேமன், ரைமன் என்ற இரண்டு பெல்ஜியக்காரர்கள் வடிவமைத்து, வெளிப்படையான போட்டியில் தேர்வாகி, 2001-ல் அமெரிக்கத் தரமாக அறிவிக்கப்பட்டது. அதன் விவரம் முழுக்க யாரும் படிக்கலாம். சின்ன ஆபீஸுக்குக் கணக்கு சாஃப்ட்வேர் எழுதுகிற டெவலப்பர் சொந்தமாகப் பூட்டு செய்து கொண்டிருக்க மாட்டார். கையில் இருந்த ஒரு லைப்ரரியை, அதாவது யாரோ எழுதி வைத்த ஆயத்த நிரல் தொகுப்பை எடுத்திருப்பார், பெரும்பாலும் அதன் இயல்பு அமைப்புகளை மாற்றாமலே விட்டிருப்பார். ஆக, ஊகிக்க வேண்டியது சில விஷயங்கள்தான்.

கை வைக்கும் முன்

ஃபைல் உங்களுடையதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் உரிமையாளர் எழுத்தில் அனுமதி தந்திருக்க வேண்டும். நான் ஒரு வெள்ளைத் தாளிலாவது கையெழுத்து வாங்காமல் தொடங்குவதில்லை. உரிமையாளர் அனுமதியில்லாமல் கம்ப்யூட்டரிலிருந்து தகவல் எடுப்பது 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43, 66 பிரிவுகளில் வரும். அதே நேரம், 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 52, ப்ரோக்ராமைச் சட்டப்படி கையில் வைத்திருப்பவர் அது எப்படி இயங்குகிறது என்று ஆராயவும், வேறு ப்ரோக்ராமோடு சேர்த்து இயக்கத் தேவையான தகவல் வேறு வழியில் எளிதாகக் கிடைக்காதபோது அதை எடுத்துக்கொள்ளவும் இடம் கொடுக்கிறது.

அடுத்தது பிரதி. மூலத்தைத் தொடவே கூடாது. நம் மலையில் மழைக்காலத்து ஈரம் சிடியில் பூஞ்சை பிடிக்க வைக்கும், பென் டிரைவின் முனையைக் கறுக்க வைக்கும். இங்கே படிப்பது அங்கே படிக்காது என்ற நிலையில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கை டிடிரெஸ்க்யூ என்ற கருவி கொண்டு முழுதாக ஒரு இமேஜாக, அதாவது டிஸ்க்கின் அச்சுப் பிரதியாக எடுங்கள். அது நன்றாகப் படிக்கிற பகுதிகளை முதலில் எடுத்து வைத்துவிட்டு, அடிபட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். பிரதி எடுத்ததும் மூலத்துக்கும் பிரதிக்கும் எஸ்ஹெச்ஏ-256 ஹாஷ் எடுத்து இரண்டும் ஒன்றுதானா என்று பாருங்கள். விண்டோஸில் சர்ட்யூடில் என்ற கட்டளையே இதைச் செய்யும்.

இதில் ஏன் இவ்வளவு கறார் என்றால், பூட்டிய ஃபைலில் ஒரே ஒரு பைட் கெட்டாலும் சேதம் அதோடு நிற்காது. ஒவ்வொரு துண்டையும் முந்தைய துண்டோடு கோர்த்துப் பூட்டும் சிபிசி முறையில் பூட்டியிருந்தால் அந்த 16 பைட் துண்டு முழுக்கப் போகும், அடுத்த துண்டிலும் ஒரு கீறல் விழும். உள்ளே ஜிப் போலச் சுருக்கியும் வைத்திருந்தால் அதற்குப் பிறகு வரும் பகுதியே சந்தேகம்தான். பூட்டோடு ஒரு சரிபார்ப்பு முத்திரையும் வைக்கும் ஜிசிஎம் முறையாக இருந்தால் சரிபார்ப்பில் தவறி, மொத்த ஃபைலையும் லைப்ரரி மறுத்துவிடும்.

இன்னொன்று. "ஃபைலை ஏற்றுங்கள், திறந்து தருகிறோம்" என்று சொல்லும் இணையதளம் எதிலும் இதைப் போடாதீர்கள். நூற்றுக்கணக்கான விவசாயிகளின் வங்கிக் கணக்கு எண் அதற்குள் இருக்கிறது.

முதல் வழி: பழைய ப்ரோக்ராமையே எழுப்புவது

செய்முறையைத் தேடுவதற்கு முன், செய்முறை தெரிந்த ஆளையே வேலை வாங்க முடியுமா என்று பாருங்கள். மதர்போர்டு போனால் ஹார்ட் டிஸ்க்கும் போனதாக ஆகாது. டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி கேஸில் போட்டு, முழு இமேஜ் எடுத்து, கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் ஏற்றிப் பாருங்கள். விண்டோஸ் எக்ஸ்பி, 7 காலத்து ப்ரோக்ராம்கள் அதற்குள் நன்றாகவே ஓடும். டாஸ் காலத்து ப்ரோக்ராம் என்றால் டாஸ்பாக்ஸ். கம்ப்யூட்டர் இன்னும் உயிரோடு இருந்து, ஆனால் தள்ளாடுகிறது என்றால் டிஸ்க்2விஹெச்டி என்ற மைக்ரோசாஃப்ட் கருவி ஓடும் மெஷினையே இமேஜாக மாற்றித் தரும்.

ப்ரோக்ராம் எழுந்து ஃபைலைத் திறந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஏற்றுமதி செய்யும் மெனு இல்லையா? விண்டோஸில் 'ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி' என்ற பிரின்டரைச் சேர்த்து, அதன் போர்ட்டை 'ஃபைல்' என்று வைத்து ரிப்போர்ட் பிரின்ட் கொடுங்கள். காகிதத்துக்குப் போக வேண்டியது டெக்ஸ்ட் ஃபைலாக வந்து விழும்.

ப்ரோக்ராம் எந்தெந்த ஃபைலைத் தொடுகிறது என்று காட்டும் பிராசஸ் மானிட்டரை ஓடவிட்டும் பாருங்கள். பல ப்ரோக்ராம்கள் பூட்டைத் திறந்து, சாதாரண டேட்டாபேஸை டெம்ப் ஃபோல்டரில் வைத்துக்கொண்டு வேலை செய்யும், மூடும்போது அழித்துவிடும். திறந்திருக்கும்போதே அதைப் பிரதி எடுத்துவிடலாம். டெம்ப்பில் எதுவும் வரவில்லை என்றால், விண்டோஸ் 7-லோ அதற்குப் பிந்தையதிலோ டாஸ்க் மேனேஜரில் அந்த ப்ரோக்ராமின் மேல் ரைட் கிளிக் செய்து டம்ப் ஃபைல், அதாவது அந்த நேரத்து நினைவகத்தின் பிரதி எடுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு விவசாயி பெயரை அந்த டம்ப்பில் தேடினால், பூட்டில்லாத தகவல் அப்படியே கிடைப்பதுண்டு.

ப்ரோக்ராம் ஓடுகிறது என்றால் இன்னொரு வேலையும் செய்து வையுங்கள். ஒரே கணக்கை இரண்டு தடவை ஒரே பாஸ்வேர்டில் பேக்கப் எடுங்கள், பிறகு வேறு பாஸ்வேர்டில் ஒன்று எடுங்கள். பாஸ்வேர்டு மாறியும் ஃபைலின் உடல் பகுதி மாறவே இல்லை என்றால், பாஸ்வேர்டு வாசலில் நிற்கும் வாட்ச்மேன் மட்டும்தான். உள்ளே இருப்பது பூட்டப்படவே இல்லை, அல்லது எல்லோருக்கும் பொதுவான ஒரு நிலையான சாவியால் பூட்டப்பட்டிருக்கிறது. பழைய சாஃப்ட்வேர்களில் இது சகஜம். அக்சஸ் 97-ல்கூட டேட்டாபேஸ் பாஸ்வேர்டு போட்டால் உள்ளே இருக்கும் தகவல் என்கிரிப்ட் ஆகாது.

இது உண்மையிலேயே தனி வகை ஃபைல்தானா?

பெயருக்குப் பின்னால் யாரும் கேள்விப்படாத மூன்றெழுத்து இருப்பதால் உள்ளே இருப்பதும் புதுசு என்று நினைக்க வேண்டாம். ஃபைலை பைட் பைட்டாகக் காட்டும் ஹெச்எக்ஸ்டி போன்ற ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து முதல் சில பைட்களைப் பாருங்கள். எடிட்டர்கள் வழக்கமாகப் பதினாறடிமான எண்களில் காட்டும். இங்கே படிக்க வசதியாக 0 முதல் 255 வரையான சாதாரண எண்களிலேயே எழுதுகிறேன். விண்டோஸ் கால்குலேட்டரின் ப்ரோக்ராமர் முறையில் மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம்.

80 75 3 4 என்று தொடங்கினால் அது ஜிப். பெயரை மாற்றி 7-ஜிப்பில் திறந்து பாஸ்வேர்டைக் கொடுங்கள், கதை முடிந்தது. 55 122 188 175 என்றால் 7-ஜிப்பின் சொந்த வடிவம். 208 207 17 224 என்றால் மைக்ரோசாஃப்டின் பழைய கூட்டு ஃபைல். பாஸ்வேர்டு போட்ட, ஆபீஸ் 2007 முதலான பதிப்புகளின் ஆவணமும் இந்த உறைக்குள்தான் இருக்கும், எம்எஸ்ஆஃப்கிரிப்டோ என்ற பைத்தான் கருவி அதைத் திறக்கும். 83 97 108 116 101 100 95 95 என்று தொடங்கினால் ஓபன்எஸ்எஸ்எல் என்ற இலவச என்கிரிப்ஷன் கருவி பூட்டியது, அடுத்த 8 பைட் சால்ட். இங்கே ஒரு பொறி இருக்கிறது: 2016-ல் வந்த 1.1.0 பதிப்பில் ஓபன்எஸ்எஸ்எல் தன் இயல்பு ஹாஷை எம்டி5-லிருந்து எஸ்ஹெச்ஏ-256-க்கு மாற்றிவிட்டது. பழைய ஃபைலைப் புதிய பதிப்பில் திறக்கும்போது ஹாஷ் எம்டி5 என்று நாமே சொல்ல வேண்டும். சரியான பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு தவறு என்று நம்பிக் கைவிடுகிறவர்கள் பலர் இங்கேதான் விடுகிறார்கள்.

அடையாளமே இல்லாமல் முதல் பைட்டிலிருந்தே குப்பையாக இருந்து, ஃபைல் அளவு 4096-ஆலோ 1024-ஆலோ மீதியில்லாமல் வகுபட்டால் எஸ்க்யூஎல்சைஃபர், அதாவது பூட்டிய எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் என்று சந்தேகப்படுங்கள். அதில் முதல் 16 பைட்டே சால்ட். 4-ஆம் பதிப்பு எஸ்ஹெச்ஏ-512 வைத்து 2,56,000 சுற்றுகளும், 3-ஆம் பதிப்பு எஸ்ஹெச்ஏ-1 வைத்து 64,000 சுற்றுகளும் போடும். 'டிபி பிரவுசர் ஃபார் எஸ்க்யூலைட்' கருவியின் எஸ்க்யூஎல்சைஃபர் பதிப்பில் பாஸ்வேர்டைக் கொடுத்து, பதிப்பை மாற்றி மாற்றிப் பார்த்தால் போதும்.

எதுவும் பொருந்தவில்லையா? ஃபைலை ஒரு தடவை ஜிப் செய்து பாருங்கள். அளவு நன்றாகக் குறைந்தால் அது சரியான என்கிரிப்ஷன் அல்ல. திரும்பத் திரும்ப வரும் ஒரு சிறு சாவியோடு ஒவ்வொரு பைட்டையும் கலக்கும் எக்ஸார் என்ற எளிய கணக்கைச் செய்திருக்கலாம். அப்படிப்பட்ட ஃபைலில், மூலத்தில் 0 பைட்கள் தொடர்ந்து வந்த பகுதியில் அந்தச் சாவியே வரிசையாகத் தெரியும். அளவு குறையவே இல்லை என்றால்தான் அடுத்த பகுதி உங்களுக்கு.

தலைப்பகுதியைப் படிப்பது

இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த கட்டம் இது. ஒரே ப்ரோக்ராமின் இரண்டு பேக்கப் ஃபைல்களை அருகருகே வைத்து, எந்த பைட் இரண்டிலும் ஒன்று, எது வேறு என்று குறித்துக்கொண்டே போக வேண்டும். மாறாதது அடையாளமும் அமைப்பும், மாறுவது சால்ட்டும் தொடக்க மதிப்பும் உடலும்.

ஓர் உதாரணத்தோடு பார்க்கலாம். ஃபைல் அளவு 1,84,364 பைட். முதல் 4 பைட் இரண்டு ஃபைலிலும் ஒன்று, அது ப்ரோக்ராமின் அடையாளம். அடுத்து 2 0 0 0. சிறிய மதிப்புள்ள பைட் முதலில் வரும் முறையில் (லிட்டில் எண்டியன்) இது 2, பதிப்பு எண்ணாக இருக்கலாம். அடுத்த 16 பைட் முழுக்க மாறுகிறது. அதன்பின் 232 3 0 0, இரண்டு ஃபைலிலும் மாறவில்லை. 3-ஐ 256-ஆல் பெருக்கி 232-ஐக் கூட்டினால் 1000.

இந்த 1000-த்தைக் கண்டதும் நிமிர்ந்து உட்காருங்கள். சாவி தயாரிக்கும் பிபிகேடிஎஃப்2 முறையை மைக்ரோசாஃப்டின் டாட்நெட் லைப்ரரி பழைய பதிப்புகளில் இயல்பாக 1000 சுற்றுதான் போடும், ஹாஷ் எஸ்ஹெச்ஏ-1. ஆக, அதற்கு முன்னால் வந்த 16 பைட் சால்ட் என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பின்னால் இன்னொரு 16 பைட் மாறுகிறது. ஏஇஎஸ் ஒரு தடவைக்கு 16 பைட் துண்டாகத்தான் வேலை செய்யும், அதனால் இது ஐவி எனப்படும் தொடக்க மதிப்பு. இதுவரை 4, 4, 16, 4, 16, மொத்தம் 44 பைட். ஃபைல் அளவில் 44-ஐக் கழித்தால் 1,84,320. அதை 16-ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 11,520. ஊகம் பொருந்துகிறது.

மீதி வந்திருந்தால்? மீதி 4 என்றால் கடைசியில் 20 பைட் எஸ்ஹெச்ஏ-1 சரிபார்ப்பு முத்திரை இருக்கலாம். 32 பைட் எஸ்ஹெச்ஏ-256 முத்திரை இருந்தால் மீதி காட்டாது, அதனால் கணக்கு சரியாக வந்தாலும் அந்தச் சந்தேகத்தை ஓரமாக வைத்திருங்கள். 8-ஆல் மட்டும் வகுபட்டால் பூட்டு டிரிப்பிள் டெஸ் அல்லது 1993-ல் வந்த புளோஃபிஷ். எதாலும் வகுபடாமல் மீதி ஃபைலுக்கு ஃபைல் மாறினால், துண்டு போடாமல் பைட் பைட்டாகப் பூட்டும் ஆர்சி4 போன்ற ஓடை வகை, அல்லது ஏஇஎஸ் சிடிஆர், ஜிசிஎம்.

செய்முறையை ப்ரோக்ராமிடமே கேட்பது

தலைப்பகுதி எல்லாவற்றையும் சொல்லிவிடாது. ப்ரோக்ராம் ஓடாவிட்டாலும் அதன் ஃபைல்கள் டிஸ்க்கில் இருந்தால் போதும், சிடி இருந்தாலும் போதும். டாட்நெட்டில் எழுதியதாக இருந்தால் ஐஎல்ஸ்பை கருவியில் திறங்கள், கிட்டத்தட்ட மூல நிரலாகவே காட்டும். ஆண்ட்ராய்டு செயலிக்கு ஜாடெக்ஸ். சி, டெல்ஃபை போன்றவற்றில் எழுதியதற்கு அமெரிக்காவின் என்எஸ்ஏ 2019-ல் இலவசமாக வெளியிட்ட கிட்ரா.

ஐஎல்ஸ்பையில் தேட வேண்டியது 'ரைன்டால்' (Rijndael, ஏஇஎஸ்-இன் மூலப் பெயர்), 'ஏஇஎஸ்' (Aes), 'டெரைவ்பைட்ஸ்' (DeriveBytes) என்ற சொற்களை. அவை வரும் இடத்தில் பத்து இருபது வரிக்குள் முழுச் செய்முறையும் இருக்கும்: சாவி நீளம், முறை, ஐவி எங்கிருந்து வருகிறது, எல்லாம். இரண்டு விஷயத்தை மட்டும் உற்றுப் பாருங்கள். ஒன்று, டெவலப்பர் பாஸ்வேர்டோடு தன் கம்பெனி பெயர் மாதிரி ஒரு நிலையான சொல்லை ஒட்டுகிறாரா. ஒட்டினால் அந்தச் சொல் இல்லாமல் எந்தச் சேர்க்கையும் பலிக்காது. இரண்டு, ஐவி ஃபைலில் இல்லாமல் சாவியோடு சேர்த்தே தயாராகிறதா. 48 பைட் எடுத்து முதல் 32-ஐச் சாவியாகவும் அடுத்த 16-ஐ ஐவியாகவும் வைப்பது பரவலான பழக்கம்.

'பாஸ்வேர்டு டெரைவ்பைட்ஸ்' (PasswordDeriveBytes) என்ற பழைய வகுப்பு, அதாவது டாட்நெட்டின் ஆயத்த நிரல் பகுதி வந்தால் அதைப் பைத்தானில் திரும்ப எழுத முயலாதீர்கள். 20 பைட்டுக்கு மேல் கேட்கும்போது அது பொதுத் தரத்தைப் பின்பற்றாமல் தன் போக்கில் போகும். விண்டோஸ் பவர்ஷெல்லிலிருந்து அதே வகுப்பை நேராக அழைத்துவிடுவதுதான் சுருக்கமான வழி.

நிரல் புரியாத வடிவில் இருந்தால் பூட்டின் நிலையான எண்களைத் தேடலாம். 99 124 119 123 என்ற தொடர் இருந்தால் ஏஇஎஸ். 1 35 69 103 தெரிந்தால் எம்டி5 அல்லது எஸ்ஹெச்ஏ-1. எந்த மொழியில் எழுதினாலும் இந்த எண்கள் மாறாது.

பாஸ்வேர்டு எந்த பைட்களாகப் போனது?

தமிழ்நாட்டு ஃபைல்களுக்கென்றே உள்ள சிக்கல் இது. வெளிநாட்டுக் கையேடுகள் பெரும்பாலும் இதைச் சொல்லாது. நோட்டில் பாஸ்வேர்டு 'அம்மா' என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். யுனிகோடில், யுடிஎஃப்-8 முறையில் அது 15 பைட், 224 174 133 என்று தொடங்கும். யுடிஎஃப்-16 முறையில் 10 பைட், 133 11 என்று தொடங்கும். ஆனால் யுனிகோடுக்கு முந்தைய கம்ப்யூட்டரில் பாமினி எழுத்துருவை வைத்து அடித்திருந்தால், திரையில் 'அம்மா' தெரிந்தாலும் உள்ளே போனது 109 107 59 107 104 என்ற ஐந்தே பைட். எழுத்துரு வெறும் முகமூடி, அடியில் இருப்பவை ஆங்கில விசைகள். டிஸ்கி, டாப் என்று வேறு குறிமுறைகள் பயன்படுத்தியிருந்தால் பைட்கள் மறுபடி வேறு. ஆகவே பாஸ்வேர்டு என்ன என்று கேட்பதோடு, அதை அடித்தவரைக் கூப்பிட்டு, எந்த விசைகளை அழுத்துவார் என்று விரலால் அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

யுனிகோடிலேயே இன்னொரு நுணுக்கம் உண்டு. 'கொழுந்து' என்பதில் வரும் 'கொ' இரண்டு விதமாகச் சேமிக்கப்படலாம்: க-வும் ஒற்றை ஒகரக் குறியும், அல்லது க-வும் கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு ஒன்றுதான். யுடிஎஃப்-8-இல் முதலாவது 6 பைட், இரண்டாவது 9 பைட். சாவி முழுக்க மாறிவிடும்.

ஆங்கிலப் பாஸ்வேர்டு என்றாலும் குறிமுறை முக்கியம். 7-ஜிப்பின் சொந்த வடிவம் பாஸ்வேர்டை யுடிஎஃப்-16-ஆக எடுக்கும், டாட்நெட்டின் பிபிகேடிஎஃப்2 வகுப்பு யுடிஎஃப்-8-ஆக எடுக்கும். சில பழைய ப்ரோக்ராம்கள் எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக மாற்றும், சில 8 எழுத்துக்கு மேல் வெட்டிவிடும். நோட்பேடிலிருந்து ஒட்டும்போது கடைசியில் ஒரு வரிமுறிவு ஒட்டிக்கொள்வதும் உண்டு.

திறந்து பார்ப்பது

இணையம் இல்லாமலும் ஓடும் சைபர்செஃப்பை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனின் ஜிசிஹெச்க்யூ வெளியிட்ட கருவி இது. சாவி தயாரிப்பையும் ஏஇஎஸ் திறப்பையும் நிரல் எழுதாமலே செய்யலாம். ஆனால் சேர்க்கைகள் பெருகினால் பைத்தான்தான் நல்லது. ஹாஷ் கணக்கைப் போடும் ஹாஷ்லிப் அதிலேயே இருக்கிறது, ஏஇஎஸ்-க்குப் பைகிரிப்டோடோம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹாஷ் மூன்று விதம், பாஸ்வேர்டு வடிவம் நான்கு, சாவி நீளம் இரண்டு, ஐவி வந்த இடம் இரண்டு என்றால் மொத்தம் 48 சேர்க்கை. 1000 சுற்று கொண்ட ஃபைலுக்கு இத்தனையும் கண் மூடித் திறப்பதற்குள் முடியும்.

வந்ததைப் படிக்கத் தெரிய வேண்டும். முழுக்கக் குப்பை, கீழே சொல்லும் சுருக்க அடையாளமும் தொடக்கத்தில் இல்லை என்றால் சாவி தவறாக இருக்கும். முதல் 16 பைட் மட்டும் குப்பை, மீதி எல்லாம் படிக்க முடிகிறது என்றால் சாவி சரி, ஐவி மட்டும் தவறு. சிபிசி முறையின் இந்தக் குணம் எவ்வளவோ நேரத்தை மிச்சப்படுத்தும். அதனால் முதல் துண்டை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், நடுவிலும் பாருங்கள்.

லைப்ரரி பிழை காட்டாமல் திறந்துவிட்டதே என்றும் நம்பிவிடக் கூடாது. கடைசித் துண்டில் இடத்தை நிரப்பும் பைட்கள் விதிப்படி இருக்கின்றனவா என்பதை மட்டும்தான் அது பார்க்கிறது. ஐந்து பைட் நிரப்ப வேண்டுமென்றால் கடைசி ஐந்தும் 5 என்று இருக்கும். தவறான சாவியிலும் ஏறத்தாழ 256-ல் ஒரு தடவை இது தற்செயலாகப் பொருந்தும்.

உள்ளே என்ன எதிர்பார்க்கலாம்? பெரும்பாலும் நேரடித் தகவல் வராது, சுருக்கிய தகவல் வரும். 120 156 என்று தொடங்கினால் ஸீலிப், 31 139 என்றால் ஜிஸிப், 80 75 என்றால் ஜிப். இவற்றில் ஒன்று வந்துவிட்டால் பாதைக்கு வந்துவிட்டீர்கள். அதை விரித்தால் எஸ்க்யூலைட், அக்சஸ், அல்லது முதல் பைட் 3 என்றோ 48 என்றோ தொடங்கும் டிபிஎஃப் என்ற பழைய டேட்டாபேஸ் ஃபைல் கிடைக்கும். டிபிஎஃப்பை லிப்ரே ஆபீஸ் கால்க் நேராகத் திறக்கும்.

இந்த வழி போகாத இடங்கள்

சில ஃபைல்களுக்குப் பாஸ்வேர்டும் செய்முறையும் சேர்ந்தே போதாது. யூசர் கணக்கோடு சாவியைக் கட்டிவைக்கும் விண்டோஸின் டிபிஏபிஐ வசதியில் அதை ஒப்படைத்திருந்தால் அந்தப் பழைய விண்டோஸ் யூசர் கணக்கின் ஃபோல்டரும் அதன் லாகின் பாஸ்வேர்டும் வேண்டும். டிஸ்க் இமேஜை முழுதாக எடுக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். ப்ரோக்ராமோடு கொடுத்த, போர்ட்டில் செருகும் டாங்கிளுக்குள் சாவியின் ஒரு பகுதி இருந்தால் டாங்கிளைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஆண்ட்ராய்டு போனின் சாவிப் பெட்டகமான கீஸ்டோரில் உருவான சாவி அந்த போனை விட்டு வெளியே வராது. போனை ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டார்கள் என்றால் அந்த முயற்சியை அங்கேயே நிறுத்திவிடுங்கள். உரிமையாளரிடம் அன்றே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

கணக்கு சரிதானா?

டேபிள்கள் திறந்துவிட்டன என்பதோடு வேலை முடியாது. ஏதாவது ஒரு மாதத்தை எடுத்து, விவசாயிகளிடம் இருக்கும் எடைச் சீட்டுகளோடு கிலோவையும் ரூபாயையும் ஒப்பிடுங்கள். கொழுந்து அதிகம் வரும் மாதம் ஒன்றும், வரத்து குறைந்த மாதம் ஒன்றும் பார்த்தால் நல்லது. பண எண்களைச் சில ப்ரோக்ராம்கள் பைசாவாகச் சேமித்திருக்கும், தேதிகளை ஏதோ ஒரு தொடக்க நாளிலிருந்து எண்ணிய நாட்களாக வைத்திருக்கும். சீட்டு இல்லாமல் இதெல்லாம் தெரியவராது.

பெயர்கள் மட்டும் புரியாத ஆங்கில எழுத்துக் கோர்வையாக வந்தால் பயப்பட வேண்டாம். பூட்டு சரியாகத்தான் திறந்திருக்கிறது. பெயர்களைப் பாமினியில் அடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த நெடுவரிசையை மட்டும் யுனிகோட் மாற்றியில் போட்டு எடுங்கள், எண்கள் இருக்கும் நெடுவரிசைகளை அதில் சேர்க்காதீர்கள்.

முடிவாக எல்லாவற்றையும் சிஎஸ்வி-யாகச் சேமியுங்கள். எக்செலில் தமிழ் சிதையாமல் திறக்க ஃபைலின் தொடக்கத்தில் 239 187 191 என்ற மூன்று பைட் வேண்டும். சேமிக்கும்போது 'யுடிஎஃப்-8 பாம்' வகையைத் தேர்ந்தெடுத்தால் அது தானாகச் சேரும். மூல பேக்கப், பாஸ்வேர்டு, நீங்கள் கண்டுபிடித்த செய்முறை, ப்ரோக்ராமின் ஃபைல்கள் ஆகிய நான்கையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, செய்முறையை மட்டும் ஒரு தாளில் அச்சடித்து, சாவி எத்தனை பைட், எத்தனை சுற்று, எந்த ஹாஷ், ஐவி எங்கே என்ற விவரத்தோடு உரிமையாளர் கையில் கொடுங்கள். அதே ப்ரோக்ராமின் வேறு வருட பேக்கப் ஒன்று பீரோவிலிருந்து பிறகு கிடைத்தால், அந்தத் தாளை வைத்து யார் வேண்டுமானாலும் திறந்துவிடலாம்.